கழிக்க மறந்த ரத்தம்

அந்தப் புற்றுநோய் ஆய்வகத்தில் சேருகிறவர்களுக்கு முதல் வேலை புது வேலை அல்ல. யாரோ எப்போதோ முடித்துவைத்த, ஒரு நோயாளியின் மரபணு மாதிரியை எடுத்து, முதலிலிருந்து மறுபடி கணினியில் ஓட்டி, அதே விடையைக் கொண்டுவர வேண்டும். எந்த மாதிரி என்பது அவரவர் விருப்பம். முன்னால் வந்தவர்கள் பிறந்த தேதியையோ வீட்டு எண்ணையோ எடுத்தார்களாம். புதிதாகச் சேர்ந்த அவள் எண்பத்தேழு என்றாள்.

"ராசியான நம்பரா?" என்று கேட்டார் பக்கத்து நாற்காலிக்காரர். பெரிய கணினிகளைக் குளிரவைக்கும் அறையின் கதவோரம் அவர் இடம். அதனால் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர். எல்லோருக்கும் அவர் ஸ்வெட்டர் அண்ணன். அவள் மட்டும் சார் என்றாள். அண்ணா என்று வாயெடுத்தால் வேறொரு முகம் வந்து நின்றது.

பதினோரு மாதங்களுக்கு முன்னால் குடல் புற்றில் இறந்துபோன அவள் அண்ணனின் மருத்துவமனைக் கோப்பில், கடைசித் தாளின் மூலையில் ஒட்டியிருந்த எண் அது. இந்த ஆய்வகத்துக்கென்று கட்டியில் ஒரு துணுக்கும் ஒரு குழாய் ரத்தமும் கொடுத்திருந்தான். மாதிரி கொடுத்தவர்களில் தனக்குத் தெரிந்தவர் யாருமில்லை என்று சேரும்போது எழுதி வாங்கினார்கள். அவள் கை கூசாமல் கையெழுத்துப் போட்டாள். அம்மாவுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

அம்மாவின் அப்பாவும் தம்பியும் அதே நோயில் போனவர்கள். "குட்டி, என்கிட்டேருந்துதான் அவனுக்கு வந்துதா?" துணி மடிக்கும்போது கேட்பாள். பாதிச் சாப்பாட்டில் கேட்பாள். ஒருநாள் பேருந்தில், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

மூன்றாம் நாள் விடை வந்தது. நாற்பத்திரண்டு லட்சம் வரிகள், ஒவ்வொன்றும் மரபணுவில் ஒரு மாற்றம். ஸ்வெட்டர் அண்ணன் நாற்காலியோடு உருண்டு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, ரத்தத்தைக் கழிக்க மறந்துட்டியே! கவலைப்படாத, எல்லாரும் முதல் வாரம் இந்தக் குழியிலதான் விழுவாங்க. பொறக்கும்போதே இருந்தது ரத்தத்துலயும் இருக்கும், கட்டியிலயும் இருக்கும். அதைக் கழிச்சாத்தான் நோய் பண்ணின வேலை மட்டும் மிஞ்சும். அது சில ஆயிரம் வரி, அவ்வளவுதான்."

"அப்ப மீதி?"

"மீதியா? அது நோய் இல்லம்மா. அது ஆளு." திரையை விரலால் தட்டினார். "மூக்கு, முடி, உயரம், எல்லாம். இடத்தை அடைக்கும், அழிச்சிடு."

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் சிரிக்கும்போது ஒரு கன்னத்தில் மட்டும் விழும் குழி, அப்பாவைப் போலவே வளைந்த சுண்டுவிரல். இந்த வரிகளில் எங்கோ இருந்தன. அம்மா கேட்டதும் இங்கேதான் இருந்தது. குடும்பத்தில் இறங்கி வரும் குடல் புற்றுக்கு விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய மரபணுக்கள்தாம். பெயரைத் தட்டித் தேடினால் ஒரு நிமிடம்.

"சார்," என்றாள். "இது எங்க அண்ணன்."

அவர் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கி, பிறகு வழி தெரியாமல் போயிற்று.

"தேடிப் பாத்தியா?"

"இன்னும் இல்ல."

அவர் தன் திரையில் ஒப்புதல் படிவங்களைத் திறந்து, எண்பத்தேழாவதை அவள் பக்கம் திருப்பினார். பெயர் மறைக்கப்பட்டிருந்தது. பரம்பரையாக வந்தது ஏதும் தெரிந்தால் குடும்பத்துக்குச் சொல்லலாமா என்ற கேள்விக்கு எதிரே 'வேண்டாம்'. அதன் கீழே இரண்டு கோடுகள், தாள் கிழிகிற அழுத்தத்தில்.

"லேப் ஹெட் மேடம்கிட்ட நீயே போய்ச் சொல்லிடு. திட்டுவாங்க. துரத்த மாட்டாங்கன்னு நினைக்கிறேன்." எழுந்துகொண்டார். "நான் டீ குடிச்சிட்டு வரேன். மெதுவாத்தான் குடிப்பேன்."

அவள் எதையும் தேடவில்லை. வரிகளை மட்டும் கீழே, இன்னும் கீழே தள்ளிக்கொண்டு போனாள். ஒன்றும் புரியாத எழுத்துகள். அவனைத்தான் பார்க்கிறோம் என்று மட்டும் தெரிந்தது. பிறகு அழித்தாள். அவ்வளவு பெரிய கோப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விட்டது.

சாயங்காலம் போனில் அம்மா, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், "பாத்தியா?" என்றாள்.

"வீட்டுக்குச் சொல்லக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கான்மா. ரெண்டு கோடு வேற போட்டிருக்கான்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"என் ரத்தத்தை எடுத்துப் பாத்தா தெரியாதா?"

"தெரியும். டாக்டர் எழுதிக் குடுத்தாப் போதும்."

"ம். எனக்காகத்தானே வேண்டாம்னான்?"

"ஆமாம்மா."

"பொறந்ததுலேருந்து அவன் பேச்சை நான் எங்க கேட்டேன்? இது ஒண்ணையாவது கேக்கறேன், போ." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நீ உன் ரத்தத்தைக் குடுத்துப் பாத்துக்கோ. நாளைக்கே போ. என்ன வந்தாலும் எங்கிட்ட சொல்லாத."