கேலப்பின் சம்பல் குற்றமற்றது

லொரைனுக்குக் கண்ணும் வாயும் வறண்டுபோகும் நோய். அண்மையில் வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது. கணவன் கேலப் மிளகாய் அரைத்துச் செய்யும் சம்பல்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பாவம், அதன்பிறகு அவன் அடுப்புப் பக்கமே போகவில்லை.

வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் ரமணன், "இரைப்பை வீங்கியிருக்கு. சொந்த உடம்பையே எதிரின்னு நினைச்சு கண்ணையும் வாயையும் தாக்குற அதே நோய் எதிர்ப்புச் சக்தி இப்ப இங்கயும் கைவச்சிருக்கு" என்றார்.

கேலப் எழுந்தேவிட்டான். "அப்ப என் சம்பல் இல்லையே, டாக்டர்?"

"இல்ல. ஆனா ஆறுற வரைக்கும் காரம் வேணாம்."

வெளியே வந்ததும் கேலப், "ஃபேமிலி குரூப்ல நீயே சொல்லு லா" என்றான்.

லொரைன் சிரித்தபடி குரல் பதிவு அனுப்பினாள். "இவரு நிரபராதி. இன்னிக்கு இவர்தான் கஞ்சி வைக்கிறாரு. எல்லாரும் வாங்க."

கஞ்சி என்றதும் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. வறண்ட தொண்டையில் அது வழுக்கிக்கொண்டு இறங்க, லொரைன் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள்.