நான் வரேன்மா

கண் பரிசோதனைக்கு இரண்டே நாள் என்று வந்த மாமாவுக்கு அன்று பன்னிரண்டாவது நாள். என் வீட்டுக்காரருடைய தாய்மாமா. அவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

நான் பல் செட் செய்பவள். வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். வீட்டிலேயே செய்து தருகிறேன் என்று ஒரு பல் டாக்டரிடம் கெஞ்சியதில், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்து இடத்தைப் பார்க்கிறேன், பிடித்தால் எல்லா வேலையும் உனக்குத்தான் என்றிருந்தார். அந்த இடத்தில்தான் மாமா கட்டில் போட்டுப் படுத்திருந்தார். பல் செட்டை ராவித் தேய்க்கிற என் மெஷின் சமையலறையில் மிக்சிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது.

நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்று இவர் நழுவிவிட்டார். பக்குவமாகத்தான் சொன்னேன். மழை வரும்போல இருக்கிறது, அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தால் நல்லது என்றேன். மாமா எங்கள் குடைக்கம்பியைச் சரிசெய்து கொடுத்தார். அவர் சட்டைகளைத் தேய்த்து மடித்துப் பெட்டிமேல் வைத்தேன். என்ன நேர்த்தி என்று மெச்சி, மேலே இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வெள்ளி காலை ஒன்பது மணி. அச்சு எடுக்கிற பிளாஸ்டர் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாமா சட்டை மாட்டி, கையில் பையோடு வாசலில் நின்றார்.

"நான் வரேன்மா."

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

"சரிங்க மாமா. பார்த்துப் போங்க. போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணுங்க."

ஒரு பேச்சுக்குக்கூட இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, சரிம்மா என்று படியிறங்கினார்.

கட்டிலை இழுத்தேன். பின்னால் அவர் பெட்டி. ஜன்னலில் மாத்திரை, மூக்குக்கண்ணாடி. அப்போதுதான் உறைத்தது. அவர் கையில் இருந்தது என்னுடைய கடைப்பை. பத்து கிலோ பிளாஸ்டரைத் தூக்கிவந்தால் இடுப்பு போய்விடும் என்று முந்தின நாள் சாப்பிடும்போது புலம்பியிருந்தேன். கூடத் தூக்க வரேன் என்றிருக்கிறார் மனுஷர். நான் ஊருக்கே வழியனுப்பிவிட்டேன்.

ஃபோன் அடித்தேன், பெட்டிக்குள் ஒலித்தது. தெருமுனைவரை ஓடினேன், ஆளில்லை. கண்ணாடிகூட இல்லாமல் எங்கே போனார்? டாக்டர் வந்துவிடுவாரே என்ற பயம் போய், மாமா வருவாரா என்ற பயம் வந்தது.

பத்தே முக்காலுக்கு வந்தார். தோளில் மூட்டை, சட்டையெல்லாம் வெள்ளை. இதுதானே என்று மட்டும் கேட்டார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். நேரமாச்சு, அந்தப் பக்கம் பிடி என்று கட்டிலைத் தூக்கினார். மெஷினை மேஜைமேல் அவரே வைத்தார். டாக்டர் வந்தபோது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமையே நாலு செட்டுக்கு வேலை அனுப்புகிறேன் என்று சொல்லி டாக்டர் கிளம்பினார். சந்தோஷப்படக்கூடத் தோன்றாமல் சமையலறைக்கு ஓடினேன்.

"மாமா, நாலு நாள் இருந்துட்டுப் போங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

நிஜமாகத்தான் சொன்னேன். ஆனால் ஒப்புக்குச் சொல்கிறவர்களும் அதையேதானே சொல்கிறார்கள்? மாமா சிரித்தார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பிப் பார்த்தார்.

"வரேன்னு சொன்னா குழப்பமா இருக்கும்மா," என்றார். "போறேன்."