சத்தமில்லாத பர்னர்

சத்தம் போடாத பர்னர் வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். செய்துவிட்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் கடைக்குள் கூப்பிட்டு, "காது குடுத்துக் கேளுங்க, ஏதாவது கேக்குதா?" என்று பீற்றிக்கொண்டதும் நான்தான். ஆகையால் இதில் வேறு யாரையும் திட்ட வழியில்லை. யாரையாவது திட்டாமல் எனக்குப் பொழுது போகாது என்பதால் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் கலைவாணி. செஞ்சி காந்தி பஜாரில் அடுப்புக் கடை வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். வீட்டு அடுப்பு, டீக்கடை அடுப்பு, கல்யாண மண்டபத்து அடுப்பு, எது மக்கர் செய்தாலும் நம்மிடம்தான் வரும். ஆரம்பத்தில், "பொம்பளயா அடுப்பு ரிப்பேர் பண்றது?" என்று சிலர் இழுத்தார்கள். "உங்க வீட்ல அடுப்பாண்ட நிக்கறது யாரு, நீங்களா?" என்று கேட்டேன். அப்புறம் எவனும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஊர் ஆடிக் காற்று பொல்லாதது. ராஜகிரிக்கும் மற்ற மலைகளுக்கும் நடுவே புகுந்து, கோட்டைக்குத் திரும்பும் திருவண்ணாமலை ரோட்டில் வந்து மோதும். அங்கே தள்ளுவண்டிக் கடை போட்டிருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, அடுப்பைச் சுற்றி நிறுத்தி, கல்லை முட்டுக் கொடுத்து வைப்பார்கள். காற்று தகரத்தையும் சாய்த்துவிட்டு, தீயையும் வாணலிக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும். பாதி கேஸ் ஊருக்கு எரியும், பாதிதான் பஜ்ஜிக்கு.

அந்த வரிசையில் காற்று நேராக அடிக்கிற முனைக் கடை மீனம்பாள் அக்காவுடையது. மிளகாய் பஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி, போண்டா. புருஷன் போனதிலிருந்து அந்த வண்டிதான் அவளுக்கு எல்லாம். ஒரே மகன் அன்புச்செல்வனை அதை வைத்துத்தான் இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். அவன் இப்போது ஒரகடத்தில் கம்பெனி வேலை. தங்கமான பிள்ளை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வரும்போதெல்லாம், "கடைய விட்டுட்டு வாம்மா" என்று ஒரே பாட்டு. "அங்க வந்து நாலு செவுத்த பாத்துக்கினு குந்தியிருக்கவா?" என்பாள் அக்கா. நாள் முழுக்க நாலு பேரோடு பேசிச் சிரிக்கிறவளை ஒரு ரூமுக்குள் அடைத்தால் என்ன ஆவாள் என்று எனக்கும் தெரியும். அந்தக் கடை போனால் அவளும் போனாள்.

அவளுக்காகத்தான் அந்த பர்னரைச் செய்ய உட்கார்ந்தேன். பழைய அடுப்பில் தலை மேலே நீட்டிக்கொண்டிருக்கும், காற்றுக்குத் தோதாக. நான் அதை ஓர் இரும்பு வளையத்துக்குள் இறக்கினேன். ஓட்டைகளை நேராகப் போடாமல் சாய்த்துப் போட்டேன், தீ சுழன்று வாணலியின் அடியைக் கட்டிக்கொள்கிற மாதிரி. கேஸ் பீய்ச்சும் ஒரே பெரிய ஜெட்டுக்குப் பதில் சின்ன ஜெட்டுகளாக வைத்து, காற்று உறிஞ்சும் வாய்க்கு ஒரு மூடி போட்டேன். அவ்வளவுதான், அந்த உர்ரென்ற இரைச்சல் காணாமல் போனது. மஞ்சள் துளிகூட இல்லாத சுத்தமான நீலத் தீ. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரர் ராஜாராம் பஸ் கண்டக்டர். அவரிடம் அன்றைக்கு முழுக்க பர்னர் பேச்சுதான், மனிதருக்குச் சாப்பாடு போடக்கூட மறந்துவிட்டேன்.

அடுப்பை மாட்டிய அன்றைக்கே அக்கா கேட்டாள். "இன்னா கலை, எரியுதா இல்லியானே தெரியலியே. சத்தமே காணோம்?"

"அதான்க்கா இதுல விசேஷமே! உங்க அடுப்பு இத்தினி நாளா ஏரோப்ளேன் மாதிரி கத்திக்கினு இருந்துது. இனிமே காது குளிரும் பாருங்க."

"கொஞ்சமாவது சத்தம் வெச்சித் தரக் கூடாதா?"

நான் சிரித்தேன். பக்கத்துக் கடைக்காரர்களிடமும் சொல்லிச் சிரித்தேன். "கேட்டீங்களா கதைய? நல்லா ஓடற வண்டிய தடதடன்னு ஓட்டிக் குடுங்கறாங்க அக்கா!" எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டு மாவைக் கரைக்கப் போனாள். 

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல உச்சி வெயில். சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் கலியபெருமாள் அண்ணனை, அடுப்பு எரிகிற அழகைக் காட்ட நானே என் வண்டியில் உட்காரவைத்து அழைத்துப் போனேன். மேல்மலையனூர் கோயிலில் அமாவாசைக் கூட்டத்துக்குச் சாப்பாடு போடுகிறவர் அவர். அவருக்குப் பிடித்துவிட்டால் ஊர் முழுக்க நம் பர்னர்தான் என்று கணக்கு. போய் இறங்கினால் கடையைச் சுற்றிக் கூட்டம். அக்காவின் வலது கை மணிக்கட்டு வரை வெந்துபோயிருந்தது. தண்ணீரை ஊற்றி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எண்ண கொட்டிக்கினேன்" என்று அவளே சொன்னாள். முகம் வெளிறிப்போயிருந்தது. "நான்தான் பாக்காம கொட்டிக்கினேன்."

ஆட்டோ பெரியாஸ்பத்திரிக்குப் போனது. நான் அடுப்பண்டை போனேன். வாணலி கீழே இறக்கி வைத்திருந்தது. அதில் எண்ணெய் அப்படியே இருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. துடைக்கிற துணி மட்டும் கருகிக் கிடந்தது. பர்னருக்கு மேலே கையை நீட்டினேன், சூடு சுரீரென்று அடித்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது! அந்த வெயிலில் தீ கண்ணுக்கே தெரியவில்லை, சத்தமும் இல்லை. வால்வைப் பாதி திருகிவிட்டு அணைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். துணியை வைத்து வளையத்தைத் துடைத்திருக்கிறாள்.

"இன்னாம்மா பண்ற?" என்றார் கலியபெருமாள் அண்ணன்.

"வால்வ மூடறேன்ணா."

"வயசாயிடுச்சுன்னா நிதானம் போயிடுது, பாவம்" என்று யாரோ சொன்னார்கள். "எண்ணயாண்ட இன்னா அவசரம்?" என்று இன்னொரு குரல். கலியபெருமாள் அண்ணன் குனிந்து பர்னரைப் பார்த்தார். "உன் வேல சுத்தமா இருக்குதும்மா. அவங்களுக்குத்தான் கையாளத் தெரியல. எனக்கு இதுலயே பெருசா செஞ்சிக் குடு" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இத்தனை நீளத்துக்கு வாய் வைத்திருக்கிறவள், ஊரையே ஏசுகிறவள், "சரிங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன். தூ!

வீட்டில் ராஜாராமிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அவங்களே எண்ணன்னு சொல்லிட்டாங்க இல்ல? நீ ஏன் போயி தலைய குடுக்கற?" என்றார். எனக்கு வந்ததே கோபம். கத்தித் தீர்த்தேன். கத்தி முடித்த பிறகுதான், நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தானே அவர் வாய்விட்டுச் சொன்னார் என்று உறைத்தது.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அக்காவைப் போய்ப் பார்க்கவும் தைரியமில்லை. அப்புறம் பஜாரில் பேசிக்கொண்டார்கள்: அன்புச்செல்வன் லீவு போட்டு வந்திருக்கிறான், தள்ளுவண்டியை விற்றுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான், வண்டிக்கு ஆள்கூடப் பார்த்தாகிவிட்டது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு சிங்கவரம் ரோட்டில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். போட்டு உடைத்துவிடுவது, அவன் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு வருவது, கலியபெருமாள் அண்ணன் போனால் போகட்டும். அக்காவின் கடை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அன்புச்செல்வன் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா. நீங்களாவது சொல்லுங்க இவங்களுக்கு" என்றான். "இந்த வயசுல கொதிக்கிற எண்ணயோட மல்லுக்கட்டணுமா?"

"தம்பி, தப்பு உங்கம்மா மேல இல்ல" என்று ஆரம்பித்தேன். "அந்த அடுப்பு இருக்குது பாரு, அதுல..."

"கலை!" அக்கா ஓர் அதட்டல் போட்டாள். "வந்ததும் வராததுமா இன்னா அடுப்பு கடுப்புன்னு? அன்பு, அக்காவுக்கு டீ போடணும், பால் இல்ல. போயி வாங்கினு வா."

அவன் எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். தெருவில் அவன் காலடி ஓய்ந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"எண்ணன்னு நான் சொல்லிட்டேன் இல்ல? நீ யாருடி மாத்திச் சொல்றதுக்கு?"

"அக்கா, நான் பாத்தேன். எண்ண அப்படியே இருந்துது. அடுப்பு எரிஞ்சிக்கினு இருந்துது. என் பர்னராலதான் உங்க கை போச்சு. அத அவன்கிட்ட சொல்லிட்டா கடைய விக்காம விட்டுடுவான். ஊரும் உங்கள நிதானம் இல்லாதவங்கன்னு பேசாது."

"சொல்லு. சொன்னா அவன் இன்னா கேப்பான்? எரியறது கண்ணுக்குத் தெரியலியாம்மான்னு கேப்பான்."

"வெயில்ல யாருக்குமே தெரியாதுக்கா."

"கிட்ட குனிஞ்சா எல்லாருக்கும் தெரியும்டி. எனக்குத் தெரியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சக்கரையில கண்ணு போய்க்கினு இருக்குது. பாண்டிச்சேரியில கண்ணுல ஊசி போட்டாங்க. இருக்கறத காப்பாத்திக்கோ, போனது வராதுன்னுட்டாங்க. அவனுக்குத் தெரியாது. ஆளு தெரியுது, காசு தெரியுது. நெருப்பு தெரியல. காதாலதான் சமைக்கிறேன். அடுப்பு சத்தம் எவ்ளோன்னு கேட்டா தீ எவ்ளோன்னு தெரியும். நின்னா அணைஞ்சிடுச்சுன்னு தெரியும்."

"சத்தம் வெச்சித் தரக் கூடாதான்னு கேட்டீங்களே" என்றேன்.

"கேட்டேன். நீ சிரிச்சே."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா!"

"அத்தினி பேரு நடுவுல எனக்குக் கண்ணு இல்லன்னு சொல்லணுமா? நீ ஆசையா செஞ்சிக் குடுத்தே, வேணாம்னு சொல்ல மனசு வரல. சூடு வருதான்னு கைய நீட்டி நீட்டிப் பாத்துக்கினேன். அன்னிக்குக் கூட்டம். நீட்டிப் பாக்க மறந்துட்டேன்."

நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அழுது என்ன பிரயோஜனம்? "கண்ணு தெரியாம நெருப்பாண்ட நிக்காதீங்கக்கா, பயமா இருக்குது" என்றேன்.

"பழய அடுப்புல ஒரு கொப்புளம் வந்துதாடி எனக்கு?" என்று கேட்டாள். "எண்ண கொட்டறது எல்லாருக்கும் கொட்டும். கை ஆறினா திரும்பிக் கடை போடலாம். கண்ணுன்னு தெரிஞ்சா இன்னியோட முடிஞ்சிது. நீ எனக்கு நல்லது பண்றதா இருந்தா வாய மூடிக்கினு இரு. எனக்குக் கத்தற அடுப்பு குடு."

அதற்குள் அன்புச்செல்வன் பாலோடு திரும்பிவிட்டான்.

அவன் மறக்கவில்லை. பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். "அடுப்பு பத்தி ஏதோ சொல்ல வந்தீங்களே, இன்னாக்கா அது?"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போடாத கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

"காத்து தம்பி" என்றேன். "அங்க காத்து அப்பிடி. வாணலி ஆடிப்போயி எண்ண தெறிச்சிருக்குது. பிடிமானம் சரியா வைக்காதது என் தப்பு. மாத்தித் தரேன்."

"மாத்தினா இன்னொரு வாட்டி நடக்காதா?"

"நடக்காது."

"அடுப்ப பத்தி இந்த ஊர்ல உங்கள விட யாருக்குத் தெரியும்? அம்மா சொன்னா நான் நம்ப மாட்டேன், எனக்காகப் பொய் சொல்லும். நீங்க சொல்லுங்க. கடை போடலாம்னா நான் வண்டிய விக்கல."

"போடலாம் தம்பி" என்றேன்.

என் முகம் இருந்த இருப்பை அக்காவால் பார்க்க முடியாது. அவனால் பார்த்திருக்க முடியும். அவனோ, அம்மாவின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சின்ன ஜெட்டுகளைப் பிடுங்கிவிட்டுப் பெரிய ஜெட் போட்டேன், மூடியைக் கழற்றினேன், தலையை மேலே ஏற்றினேன். அடுப்பு பழையதைவிட மோசமாகக் கத்தியது. கோட்டை ரோடே சிரித்தது. கலியபெருமாள் அண்ணனிடம் அந்த மாடல் சரியில்லை, செய்து தர மாட்டேன் என்றேன். "கண்ணால பாத்தேனேம்மா, எவ்ளோ நல்லா இருந்துது! உனக்குத் திமிரு" என்று கோபித்துக்கொண்டு போனார். ஏன் சரியில்லை என்று அவரிடம் சொல்ல முடியவில்லை, சொன்னால் அக்கா பேச்சு வரும்.

அக்கா கடை போட்டுவிட்டாள். தோல் வெளுத்த கையால் மிளகாயை மாவில் தோய்க்கிறாள். கழுத்தைச் சாய்த்துக் காதை அடுப்பின் பக்கம் வைத்துக்கொள்கிறாள். இதை முன்பும் செய்துகொண்டுதான் இருந்திருப்பாள், நான் பார்த்ததில்லை. பஜாரில் வேலையைப் போட்டுவிட்டு நாளில் இரண்டு மூன்று தடவை ஏதாவது சாக்கில் போய் நிற்கிறேன். "இன்னாடி, உனக்கு வேற வேல இல்லியா?" என்று விரட்டுகிறாள்.

சாயந்திரம் ஆனால் அன்புச்செல்வன் போன் செய்கிறான், அம்மாவுக்கு இல்லை, எனக்கு. "அம்மா எப்பிடிக்கா இருக்குது? அடுப்பு பயமில்லியே?" என்று கேட்கிறான். "பயமில்ல தம்பி, நான் பாத்துக்கறேன்" என்கிறேன். ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வைக்கிறான்.