கரடிப்பாறையின் குளிர்

1977ஆம் வருஷம் தை மாதத்தில் கரடிப்பாறைக்குக் குளிர் வரவில்லை. அது மலையடிவாரத்து ஆலங்காயத்தில் சந்தியாகப்பனின் வாடகைக் காருக்குள் இருந்தது. ஜவ்வாது மலையின் மற்ற ஊர்களில் வழக்கம்போலப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கரடிப்பாறையின் இருபத்து மூன்று வீடுகளில் மட்டும் ஜனங்கள் கம்பளியை மடித்து வைத்துவிட்டு, வேர்வை வழிய வெறுந்தரையில் படுத்துக் கிடந்தார்கள். பனியை நம்பி விதைத்திருந்த மொச்சை, காய் பிடிக்காமல் பூவோடு உதிர்ந்தது.

சந்தியாகப்பனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பழைய அம்பாசடர் ஒன்றைப் பதினொரு வருஷமாக மலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஏறும்போது சாமான்களும் ஆட்களும், இறங்கும்போது பெரும்பாலும் நோயாளிகள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களில் சிலரைத் துணி சுற்றித் திரும்ப மேலே கொண்டுபோய் விட்டதும் அவர்தான். கரடிப்பாறையிலிருந்து கீழே வரும் பாதை நேராக இறங்காது. நடுவில் ஒரு மலைமுதுகை ஏறித்தான் தாண்ட வேண்டும். வெயில் ஏறினால் அந்த ஏற்றத்தின் ஒன்பதாவது வளைவில் வண்டி மூச்சு முட்டி நின்றுவிடும். பானட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு, எஞ்சின் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். முந்தின சித்திரையில் அப்படி முக்கால் மணி நேரம் நின்றபோது, பின் சீட்டில் பிரசவ வலியோடு படுத்திருந்த குப்பம்மா என்ற பெண் செத்துப்போனாள். அவள் தகப்பன் சடையன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று சந்தியாகப்பன் பிறகு மனைவி பிலோமினாளிடம் சொன்னார்.

இரண்டு மாதம் யோசித்தார். பானட்டுக்குள் எஞ்சின் கக்குகிற அனலைத்தான் பெட்ரோலோடு காற்றைக் கலக்கிற கார்பரேட்டர் மறுபடி மறுபடி இழுக்கிறது, வெளிக்காற்றைக் கொடுத்தால் நிற்காது என்று அவருக்குப் பட்டது. கூரைத் தண்ணீர் வடிகிற பழைய தகரக் குழாய் ஒன்றை வாங்கி, டிங்கர் சுப்பிரமணியிடம் கொடுத்து இரண்டு இடத்தில் வளைத்துப் பற்றவைத்து வாங்கினார். ஒரு முனையை முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டரின் அனல் படாத மூலையில் கட்டினார். மறுமுனையை லாரி டியூப் துண்டால் கார்பரேட்டரின் ஏர் பில்டரோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கினார். பூச்சி போகாமல் இருக்கக் குழாயின் வாயில் கொசுவலைத் துணியை மூன்று மடிப்பாக வைத்தார். சூடு ஏறாமல் இருக்க நெடுக தேங்காய் நார்க் கயிறு சுற்றினார்.

ஆனி மாதம் முதல் நடை. ஒன்பதாவது வளைவில் வண்டி நிற்கவில்லை. மேலே போகப் போக எஞ்சின் சத்தம் இதமாகியது. பிரேக் மிதிகட்டையின் ஓட்டை வழியாகக் குளிர் கசிந்து சந்தியாகப்பனின் கால்விரல்கள் மரத்தன. பின்னால் இருந்தவர்கள் துண்டால் காதை மூடிக்கொண்டார்கள். நார்க் கயிற்றின் மேல் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது. வீட்டுக்கு வந்து, கால் வெறைக்குது என்றார்.

"வண்டி நிக்காம ஓடுதில்ல? வுடுங்க," என்றாள் பிலோமினாள். பழைய கம்பளியை வெட்டி அவர் காலுக்கு உறை தைத்துக் கொடுத்தாள்.

அடுத்த ஏழு மாதத்தில் ஒன்பது நோயாளிகள் வழியில் நிற்காமல் ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள். காய்ச்சல்காரர்களுக்குப் பாதி வழியிலேயே சூடு தணிந்தது. தை மாதம், புளி விற்க இறங்கிய கரடிப்பாறை முனிசாமி அந்தக் காரில் ஏறினான். ஏறியதும் காற்றை மோந்து பார்த்தான். திரும்பிப் போய், நம்ம ஊர்க் குளிரு எங்க இருக்குதுன்னு கண்டுக்கினேன் என்று ஊரில் சொன்னான்.

ஊர் சார்பில் சடையன் நடந்தே இறங்கி வந்தார். சந்தியாகப்பன் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா. யாருக்கு இன்னா ஒடம்புக்கு?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வண்டிய முடுக்கு."

முடுக்கினார். சடையன் முன் கதவைத் திறந்து, குனிந்து, மிதிகட்டை ஓட்டையருகில் கையை வைத்தார். மொச்சைப் பூ வாசனையும், தன் கொல்லையின் ஈரமண் வாசனையும் வந்தன. கையை எடுக்காமலே இருந்தார்.

"இது எங்க குளிரு, டிரைவரே. பூவெல்லாம் கொட்டிப் போச்சி. புள்ளைங்க இன்னா துன்னும்?"

சந்தியாகப்பன் மறுக்கவில்லை. அவருக்கும் அந்த வாசனை கொஞ்ச நாளாகவே தெரிந்திருந்தது. அலுப்பில் அதைப் பற்றி யோசிக்காமல் இருந்துவிட்டார். "தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேண்ணா. கழட்டிடறேன்," என்று குறடை எடுத்துக்கொண்டு பானட்டைத் திறந்தார். கம்பியின் முதல் முறுக்கைப் பிரித்தபோது சடையன் கேட்டார்:

"இத எதுக்கு வச்ச?"

சந்தியாகப்பன் கம்பியையே பார்த்தபடி, "உங்க பொண்ணுக்கு அப்பறம்," என்றார்.

"அப்ப இருந்திருந்தா?"

"நிக்காம போயிருக்கும்ணா."

சடையன் திறந்திருந்த கதவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிலோமினாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்திருந்தார். "முறுக்கு அத," என்றார். "நோவுக்காரங்க வந்தா தொற. மத்த நாளு கழட்டி, துணி வச்சி அடச்சிடு. ஊருக்கு நான் சொல்லிக்கறேன்."

ஊர் இரண்டு நாள் கத்தியது. அந்த வருஷ மொச்சை போனது போனதுதான். அதற்காகச் சடையனோடு ஒரு வருஷம் பேசாதவர்களும் உண்டு. ஆனால் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் எப்போதாவது அந்தப் பின் சீட்டில் படுத்து இறங்கியிருந்தார். ஒத்துக்கொண்டார்கள். சந்தியாகப்பனும் சொன்ன சொல் தவறவில்லை. சாதாரண நாட்களில் ஒன்பதாவது வளைவில் வண்டி பழையபடி நின்றது. முதுகு வலியோடு இறங்கி, பானட்டைத் திறந்து, ஈரத்துணி போட்டு, கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். இப்படியே பத்து வருஷம் ஓடியது.

1986 மார்கழியில் கரடிப்பாறைக்குப் புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒரு நாள் காலை திண்டாடிப் போனார். பல் கிட்டுகிற குளிர் சட்டென்று நின்று, வெயில் கால வெக்கை அடித்தது. பனி மூட்டம் இருந்த இடம் தெரியவில்லை. கொல்லையில் மொச்சை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் போர்வைகளை உதறி வரப்பில் போட்டுவிட்டு, வேலையை நிறுத்திக் கீழே போகும் பாதையைப் பார்த்து நின்றார்கள். வாத்தியார் பதறி ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். செந்தாமரை என்பவள்தான் பதில் சொன்னாள்.

"ஒண்ணுமில்ல சார். யாரையோ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறாங்க."

இரண்டு மணி நேரம் ஆனது. மெல்லக் குளிர் திரும்பி வந்து முதலில் பாதங்களில் தெரிந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேந்துட்டாங்க என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பறிக்கத் தொடங்கினார்கள்.