ஹுமைத் படுகை

கடிதத்தை நூருல் இனாயா வாசித்து முடிப்பதற்குள் மாமனார் இப்றாஹீம் ஹாஜியார் புடைவைக் கடை மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“என்ட மகன்ட பேரு பூகோளப் படத்துல! கேட்டீங்களா?” என்று பதுளைக் கடைவீதிக்கே கேட்கும்படி கூவினார்.

அவருடைய மகனும் இனாயாவின் கணவனுமான ஹுமைத் லண்டனில் புவிச்சரிதவியல் படித்தவன். இரண்டு வருடமாக ஓர் ஐரோப்பிய ஆய்வுக் கழகத்தோடு வடதுருவத் தீவுகளில் வேலை. கோடிக்கணக்கான வருடங்களாக மண்ணும் மணலும் படிந்து நிறைந்த ஒரு பெரும் படுகையைப் பனிக்கு அடியில் அவனுடைய குழு கண்டுபிடித்திருந்தது. ‘அதற்கு ஹுமைத் படுகை என்று பெயரிட விரும்புகிறோம். எழுத்து சரிதானா என்று பார்த்து, குடும்பத்தார் கையெழுத்திட்டு அனுப்பவும்’ என்று கழகத்தின் பெயர்க் குழு எழுதியிருந்தது. கூடவே ஒரு சம்மதப் பத்திரம்.

ஹாஜியார் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் இனிப்புத் தொதல் வாங்கி அனுப்பினார். இனாயா சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டது.

அவளுக்கு மட்டும் ஒன்று தெரியும். ஏப்ரலில் ஹுமைத் அவளுக்கு எழுதியிருந்தான்: ‘ஒரு பள்ளத்துக்குப் பெயர் வைக்க இவங்க படுற பாடு இருக்கே! பக்கத்துக் குடாவின் பெயரை வைக்கலாம். இல்லாவிட்டால் இங்கே வேலை செய்து மௌத்தானவரின் பெயரை வைக்கலாம். உயிரோடிருப்பவன் பெயரை வைக்கவே கூடாதாம். எனக்கு ஒரு பள்ளமும் வேண்டாம், இனாயா.’

ஜூனில் வந்ததுதான் அவனுடைய கடைசிக் கடிதம். இப்போது ஒக்டோபர். அந்தப் பனிக்காட்டில் தபாலுக்கு வழியேது என்று வீட்டில் எல்லோரும் தங்களைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.

கடையிலிருந்து அவள் நேரே தபால் கந்தோருக்குப் போனாள். கழகத்துக்கு ஒரு தந்தி எழுதிக் கொடுத்தாள். அங்கே தந்தி அனுப்பும் தம்பையா அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். ‘ஹுமைத் உயிரோடு இருக்கிறாரா?’ அவ்வளவுதான்.

“அம்மா, இது...”

“அனுப்புங்க ஐயா. பதில் வந்தா வீட்டுக்கு அனுப்ப வேணாம். நானே வந்து எடுக்கிறன்.”

மூன்று நாள் காலையும் மாலையும் அந்த வாசலில் போய் நின்றாள். வீட்டில் மாமி ரஹ்மத்தும்மா வருகிறவர்களுக்கெல்லாம் வட்டிலாப்பம் வைத்து, “புள்ள பேர் எடுத்துட்டான்” என்று பூரித்தார். இனாயா தன் பங்கை அடுக்களையிலேயே வைத்துவிட்டாள். விதி மாறியிருக்கலாம், அவன் விளையாட்டுக்கு எழுதியிருக்கலாம், தானே தப்பாக வாசித்திருக்கலாம். பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் பழைய கடிதம் மடிப்போடு கிழிந்துபோயிற்று.

மூன்றாம் நாள் மாலை தம்பையா எழுந்து நின்று தந்தியைக் கொடுத்தார். ஆகஸ்ட் பதினோராம் தேதி பனிப்பிளவில் விழுந்துவிட்டான். உடல் கிடைக்கவில்லை. முன்பே தந்தி அடித்தோமே, கிடைக்கவில்லையா என்றும் கேட்டிருந்தார்கள். கழகத்தின் பழைய பதிவில் இருந்தபடி, கலியாணத்துக்கு முன் அவன் தங்கியிருந்த கொழும்பு அறைக்கு அது போய், பிரிப்பாரில்லாமல் கிடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கடையில் ஹாஜியார் சேலை வாங்க வந்தவர்களிடம் சம்மதப் பத்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் தந்தியை நீட்டினாள்.

“என்ன போட்டிருக்கு மகள்?”

சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிற்று.

“பொய். மௌத்தானவனுக்கா பேர் வைக்கக் கேக்கிறாங்க?”

“மௌத்தானவங்கட பேரைத்தான் மாமா வைப்பாங்க.”

“அப்ப நீ கையெழுத்துப் போடாத. நானும் போட மாட்டன். பேர் வைக்காட்டி மௌத்தும் இல்ல.” பத்திரத்தை மடித்து இடுப்பு வாருக்குள் சொருகிக்கொண்டார்.

அன்று மாமி அழுதுகொண்டே அவளுக்கு வெள்ளைச் சேலை எடுத்துவைத்தார். ஹாஜியார் அதைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தார். இனாயா போய் எடுத்து, மண்ணை உதறி உடுத்திக்கொண்டு, கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தா காலத்தைக் கழிக்க அறைக்குள் போனாள். அதன்பின் அவர் அந்தக் கதவுப் பக்கம் வரவில்லை. யார் விசாரித்தாலும், “மகன் ஜனவரியில வாரான்” என்றார். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கழகத்திலிருந்து மேலும் மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றையும் பிரிக்காமல் தலையணைக்குக் கீழே வைத்தார். ஜனவரி போயிற்று. அவளுடைய இத்தாவும் முடிந்திருந்தது. பெப்ரவரியில் வந்த நாலாவது கடிதத்தை அவரே அவளிடம் கொண்டுவந்தார்.

“வாசிங்க மகள்.”

‘பதில் வராததால், பக்கத்துக் குடாவின் பெயரையே படுகைக்கு வைத்துவிட்டோம்’ என்றிருந்தது.

“அப்ப என்ட புள்ளட பேரு அங்கேயும் இல்லையா?”

“இல்ல மாமா.”

“அவன் திரும்பி வாரதப் பத்தி ஒண்டும் எழுதல்லையா?”

“எழுதல்ல.”

அவர் கதவு நிலையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார். “பாழாப்போன நான், இருந்த ஒரு பேரையும் இல்லாமச் செஞ்சிட்டேனே” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். இனாயா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்கும் அப்போதுதான் வாய்விட்டு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஹாஜியார் நேரத்தோடே பள்ளிவாசலுக்குப் போய், ஜும்ஆவுக்குப் பிறகு மகனுக்காக, உடல் முன்னால் இல்லாமலேயே இறந்தவருக்காகத் தொழும் காயிப் தொழுகையை நடத்தச் சொன்னார். வீட்டுக்கு வந்து குடிக்கப் பிளேன்டி கேட்டார். இனாயா கொண்டுபோய் வைத்தாள். அவர் கோப்பையைக் கையில் எடுத்தார்.

“நெறைய ஆக்கள் வந்திருந்தாங்க மகள்” என்றார். “பள்ளி முற்றத்திலயும் நின்டு தொழுதாங்க.”