ஜெபக் குறிப்புகள்

தபீதாள் குறித்துவைக்காத விஷயம் என்று அவள் வீட்டில் எதுவும் கிடையாது. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, தண்ணீர் லாரிக்காரரின் மூன்று நம்பர்கள், கணவரின் சர்க்கரை அளவு, மகள் ஜென்சிக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதுவரை எல்லாம் செல்போனில், ஒரு நோட்ஸ் ஆப்பில் இருந்தன. வண்டலூருக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை. நாலாயிரம் விடைத்தாள்களில் ஒன்று காணவில்லை என்றால் என்ன பாடு என்று தெரிந்தவள். அதனால் சேலையூரில் அவர்கள் போகும் சபையில் பெண்கள் ஜெபக்குழுவுக்கு அவளைத் தலைவியாகப் போட்டதும், முதல் வேலையாக அங்கேயும் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தாள்.

அதற்கு முன்பெல்லாம் புதன்கிழமைக் கூட்டத்தில் விண்ணப்பங்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். சீட்டு யாருடைய பைபிளுக்குள் போனது என்றே தெரியாது. ஆபரேஷன் முடிந்து ஆள் மார்க்கெட்டுக்கு நடந்து போய்வர ஆரம்பித்த பிறகும், ஆபரேஷன் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று இரண்டு மாதம் ஜெபித்திருக்கிறார்கள். தபீதாள் குடும்பத்துக்கு ஒன்றாக அறுபத்தொரு பக்கங்கள் திறந்தாள். சுகவீனத்துக்கு நீலம், வேலைக்கு மஞ்சள், கல்யாணத்துக்கு ரோஸ். வெளியே சொல்லக் கூடாததற்குப் பச்சை. தேதி வந்தால் போன் மணியடித்து நினைவூட்டும். "அக்கா, இன்னிக்குத்தானே உங்களுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வருது?" என்று அவள் கேட்கும்போது எதிரில் இருப்பவரின் கண் கலங்கும். அதைப் பார்க்கத் தபீதாளுக்குப் பிடித்திருந்தது. இன்னும் சொல்வார்கள். இவளும் இன்னும் எழுதிக்கொள்வாள்.

ஜோனத்தான் அதை ஒருநாள் எட்டிப் பார்த்தான். சபை கமிட்டியில் இணைச் செயலாளர். நாற்பது வயது, ஏதோ கம்பெனியில் மேனேஜர், பெருங்களத்தூரில் புது அபார்ட்மென்ட்.

"அக்கா, எங்க ஆபீஸ்லகூட யாரும் இவ்ளோ நீட்டா வெச்சுக்க மாட்டாங்க. எனக்கும் ஷேர் பண்ணுங்களேன். யாரை ஆஸ்பத்திரில போய்ப் பார்க்கணும்னு எனக்கும் தெரியும்ல?"

அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஃபோல்டரை மொத்தமாகத் திறந்து கொடுத்தாள். சபைக் கோயில் வளாகத்து சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்து, புதுப்பக்கம் எப்படித் திறப்பது, நிறம் எப்படிப் போடுவது என்று சொல்லியும் கொடுத்தாள். "சூப்பர்க்கா" என்று அவன் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

ஆகஸ்டில் சபைத் தேர்தல் வந்தது. செயலாளர் பதவிக்கு ஜோனத்தானும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை டெபோராவும் மனு கொடுத்திருந்தார்கள். டெபோரா அக்கா நின்றால் ஜெயித்துவிடுவார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தேர்தல் நடக்கும் பொதுக்கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் மனுவை வாபஸ் வாங்கினார். காரணம் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாகத் தபீதாளுக்குப் பக்கத்தில் உட்காருபவர், நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார். வெளியே வரும்போது "ஸ்தோத்திரம்க்கா" என்று இவள் கைகூப்பியதற்குப் பதில் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, புதன்கிழமைக் கூட்டத்துக்கான பட்டியலைத் தயார் செய்யத் தபீதாள் ஆப்பைத் திறந்தாள். அறுபத்தொரு பக்கங்களுக்குக் கீழே புதிதாக ஒரு ஃபோல்டர் இருந்தது. பெயர் 'எலெக்ஷன்'. பகிர்ந்த ஃபோல்டருக்குள் எதைத் திறந்தாலும் அது பகிர்ந்த எல்லோருக்கும் தெரியும். அதை மட்டும் அவள் ஜோனத்தானுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

உள்ளே அவளுடைய பக்கங்களே இருந்தன. அதே நிறங்கள், அதே தேதிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. கணவர் குடிப்பதை நிறுத்த ஜெபிக்கச் சொன்ன பெண்ணின் பக்கத்தில், 'வீட்டுக்காரரைத் தனியாகப் பார்க்கலாம். சபையில் தெரிந்தால் அவமானம் என்று பயப்படுவார்.' மகனுக்கு வேலையில்லாத குடும்பத்தில், 'எங்க கம்பெனியில் பார்க்கலாம் என்று சொல்லிவைக்கவும். மூன்று ஓட்டு.' புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தவரின் பக்கத்தில், 'அன்று வர முடியாது. கணக்கில் வேண்டாம்.'

தபீதாள் டெபோரா அக்காவின் பக்கத்தைத் திறந்தாள். அதில் இருந்தவை அவளே எழுதிய வரிகள். மகள் பிளஸ்ஸி கல்யாணமான ஆறாம் மாதம் அடிபட்டுத் திரும்பி வந்தது. வந்த பிறகு கருவைக் கலைத்தது. அந்தக் குற்ற உணர்விலிருந்து அவள் மீள வேண்டும் என்பது விண்ணப்பம். டெபோரா அக்கா அதைத் தபீதாளின் காதோடு சொன்னது. மேலே பச்சை. கீழே ஜோனத்தானின் வரி: 'இதை மெதுவாக எடுத்தால் போதும். தானே வாபஸ் வாங்கிவிடுவார்.'

குளியலறைக்குப் போனாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். போனைத் துடைத்தாள். மறுபடியும் கையைக் கழுவினாள். பிறகு, வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, தன் பெயரைத் தேடினாள். இருந்தது.

'தபீதாள் அக்கா. பாராட்டினால் போதும். கேட்காமலேயே எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுப்பார். எலெக்ஷன் வரை தேவை.'

திங்கட்கிழமை கல்லூரி பஸ்ஸிலிருந்து பெருங்களத்தூரிலேயே இறங்கிக்கொண்டாள். ஜோனத்தான் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "வாங்கக்கா, வாங்கக்கா" என்று எழுந்து தட்டை அவள் பக்கம் நீட்டினான். விரல்களில் எண்ணெய் மினுங்கியது.

"அந்த எலெக்ஷன் ஃபோல்டரைப் பார்த்தேன் தம்பி."

அவன் தட்டைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான். "ஓ, அது உங்களுக்கும் தெரியுதா?" சுண்டுவிரலால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். திரையில் எண்ணெய்க் கோடு விழுந்தது.

"டெபோரா அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் தப்பாப் பேசலக்கா. பிளஸ்ஸிக்காக நாங்க வீட்ல ஜெபிக்கிறோம்னு சொன்னேன். அந்தக் குழந்தைக்காகவும்னு சொன்னேன். அவ்ளோதான். ஜெபிக்கிறது தப்பா?"

தபீதாளுக்கு அவன் வாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உதட்டோரம் மாவுத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"நீங்க எல்லாம் மனுஷங்கதானா தம்பி?"

"ஏன்க்கா கோபப்படறீங்க? நான் எதையாவது புதுசா கண்டுபிடிச்சேனா? எல்லாம் நீங்க எழுதினது. நான் ஆர்கனைஸ் பண்ணேன். நீங்க கத்துக்குடுத்த மாதிரியேதான் பண்ணேன்."

அவள் எழுந்துவிட்டாள். அவனும் கதவு வரை வந்து, "அதை நீங்க டெலீட் பண்ணினாலும் எங்கிட்ட காப்பி இருக்குக்கா" என்றான், ஏதோ உதவி செய்கிறவன் மாதிரி. லிஃப்ட்டில் பஜ்ஜி வாசனை கூடவே இறங்கிவந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது, அவன் சொன்னதில் பொய் என்று ஒரு வார்த்தையைக்கூடத் தன்னால் பிடிக்க முடியவில்லையே என்பதுதான் அவளுக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. கடவுளிடம் சொல்வதற்கு 'பிளஸ்ஸி' என்ற பெயர் போதாதா? எந்த மாதம், எந்த ஆஸ்பத்திரி என்றெல்லாம் எதற்காக எழுதினாள்? எழுதி, நிறம் போட்டு, அழகு பார்த்தாளே!

சபை ஆயருக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எலெக்ஷன் முடியட்டும்மா. இப்ப கிளப்பினா சபை ரெண்டாயிடும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு டெபோரா அக்கா வீட்டுக்குப் போனாள். அவர் கிரில் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே கேட்டார்.

"இன்னும் என்ன எழுதிக்கணும்?"

தபீதாள் நடந்ததை எல்லாம் சொன்னாள். தெருவில் காய்கறி வண்டிக்காரர் கடந்துபோகும்வரை நிறுத்தி, பிறகு தொடர்ந்து சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள்.

"அவன்கிட்ட நீ வாயால சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்" என்றார் டெபோரா அக்கா. "நான் உன் தோள்ல சாஞ்சு அழுதேன். நீ வீட்டுக்குப் போய் அதை உக்காந்து டைப் பண்ணியிருக்க."

அப்போது உள்ளறையிலிருந்து பிளஸ்ஸி வந்தாள். இருபத்தேழு வயது. தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். "அந்தப் பக்கத்தைக் காட்டுங்க ஆன்ட்டி" என்றாள்.

கிரில் கம்பிகளுக்கு நடுவே போனைக் கொடுத்தாள் தபீதாள். பிளஸ்ஸி நிதானமாகப் படித்தாள். "கலைச்ச தேதி தப்பு" என்றாள். பிறகு, "எனக்குக் குற்ற உணர்வுன்னு யார் சொன்னது? நான் சொல்லவே இல்லையே" என்றாள். டெபோரா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிளஸ்ஸி தன் கட்டைவிரலால் அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு, போனை நுனியில் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அழுக்குத் துணியை அப்படித்தான் பிடிப்பார்கள்.

அன்றிலிருந்து சனிக்கிழமை வரை தபீதாள் வீடு வீடாகப் போனாள். உங்களைப் பற்றி நான் இன்னது எழுதினேன், அதை ஜோனத்தான் படித்துவிட்டான், தப்பு என்னுடையது. எல்லா வீட்டிலும் இதையேதான் சொன்னாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் காபி கொடுத்து உட்காரவைத்து, மற்றவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அந்தக் காபியை அவளால் குடிக்க முடியவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வந்ததும் அந்தந்தப் பக்கத்தை அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பொதுக்கூட்டம். செயலாளர் பதவிக்கு ஒரே மனுதான் என்பதால் ஜோனத்தான் போட்டியின்றித் தேர்வு என்று ஆயர் அறிவித்தார். "ஆட்சேபணை யாருக்காவது உண்டா?" என்று முறைக்காகக் கேட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

தபீதாள் எழுந்தாள். "ஒண்ணு படிக்கணும் ஐயா" என்றவள், அனுமதிக்குக் காத்திருக்காமல் தன்னைப் பற்றிய மூன்று வரியையும் படித்தாள். யார் எழுதியது என்பதையும் சொன்னாள்.

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். "உன்னைப் பத்தி உள்ளதைத்தானம்மா எழுதியிருக்கான்?" இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜோனத்தானும் புன்னகையோடு தலையைக் குனிந்துகொண்டான்.

"உள்ளதுதான்" என்றாள் தபீதாள். "இதே மாதிரி எல்லாக் குடும்பத்துக்கும் அவர்கிட்ட பக்கம் இருக்கு. உங்க பக்கத்தை நான் படிக்க மாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்ல. ஆனா அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்."

சிரித்தவர் வாயை மூடிக்கொண்டார். கணவரும் மனைவியும்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற அசரியா எழுந்தார். தன் குடிப்பழக்கத்துக்காக மனைவி ஜெபிக்கச் சொல்லியிருந்தாள் என்பது, தபீதாள் வீட்டுக்கு வந்துபோன புதன்கிழமைதான் அவருக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்றார். "நான் குடிப்பேன். அதை அவன் எனக்குச் சொல்லத் தேவையில்ல."

பிறகு டெபோரா அக்கா கையைத் தூக்கினார். அப்புறம் இன்னும் பல கைகள். ஆயர் கூட்டத்தை ஒத்திவைத்தார்.

இரண்டு வாரத்தில், ஆபீஸில் வேலைப்பளு அதிகம் என்று சபையின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டு ஜோனத்தான் விலகிக்கொண்டான். அதற்குக் கீழே இருபத்தெட்டுப் பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். இப்போது வேறொரு சபைக்குப் போகிறானாம். அங்கே அங்கத்தினர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஜென்சி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். தபீதாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே நகர்த்திவைத்தாள்.

அந்தச் சபையின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். எடுத்தவர், "ரொம்ப நல்ல பிரதர்ங்க, எல்லாரையும் பேர் சொல்லி விசாரிப்பார்" என்றார்.

புதன்கிழமைக் கூட்டம் நடக்கிறது. முப்பத்தைந்து பேர் வந்த இடத்தில் பதினோரு பேர் வருகிறார்கள். தலைவி பொறுப்பை வேறு யாராவது ஏற்கட்டும் என்று தபீதாள் கேட்டுப் பார்த்தாள். யாரும் முன்வரவில்லை. மூன்றாவது வாரம் டெபோரா அக்கா வந்து கதவோரம் உட்கார்ந்தார். இவளைப் பார்க்கவில்லை.

"யாருக்காவது விண்ணப்பம் இருக்கா?" என்று தபீதாள் கேட்டாள்.

ஒரு பெண் "எங்க வீட்ல..." என்று ஆரம்பித்து, சுற்றிலும் பார்த்து, "ஒண்ணுமில்ல சிஸ்டர். எல்லாரும் நல்லா இருக்கோம். பொதுவா ஜெபிங்க" என்றாள்.

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தபீதாள் கண்ணை மூடினாள். உலக சமாதானத்துக்காகவும் நல்ல மழைக்காகவும் ஜெபித்தாள்.