பிரிட்டாவின் துணிக்கொடி

“அவன் புயல்னு சொன்னா வெறும் காத்துடி. காத்துன்னு சொன்னா ஒண்ணுமே இல்ல. இது உனக்குத் தெரியாதா—”

“தெரியும் அக்கா. ஆனா படுத்த படுக்கையில சொன்னதையுமா—”

“அப்பவும் அவன் அவன்தானே.”

ஹானுஸின் பெட்டிக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்கா எல்ஸ்பா, இந்தப் பக்கம் மனைவி பிரிட்டா. நடுவில் ஹானுஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாழ்நாளில் முதல் முறையாக வானிலையைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லாமல் கிடந்தார்.

தீவின் சின்ன வானொலியில் தினமும் காலையில் வானிலை சொல்வது அவர் வேலை. நல்ல நாள் என்று அவர் சொல்லிக் கடலுக்குப் போன படகு ஒன்று திரும்பவில்லை. அன்றிலிருந்து எதையும் ஒரு படி கூட்டியே சொன்னார். கேட்டவர்கள் ஒரு படி குறைத்துக்கொண்டார்கள். படுக்கையில் விழுந்த பிறகு ஒலிவாங்கியைக் கட்டிலுக்கே கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளிக்கிழமை புயல், படகு வேண்டாம் என்று சொன்னதுதான் கடைசி.

இன்று வெள்ளிக்கிழமை.

எல்ஸ்பாவின் தீவு எதிரே, கடலுக்கு அப்பால். ஹானுஸ் பிறந்தது அங்கே. செத்த பிறகு உன் பக்கத்திலேயே வந்து படுத்துக்கொள்கிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்ததும் அங்கேதான். இன்று படகு போகாவிட்டால் நாளை இங்கேயே அடக்கம் என்று போதகர் முடிவாகச் சொல்லிவிட்டார். இங்கே என்றால் கல்லறைத் தோட்டம் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. முழங்கால் வலியோடுகூட பிரிட்டா தினமும் போய்வரலாம். அக்கரைக்குக் கோடையில் ஒரு தடவை போய்வந்தாலே பெரிது.

படகுக்காரர் யாக்குப் சமையலறையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஃபாரோ தீவுகளின் வானம் எப்போதும் போல அந்த ஒரு கோப்பை காலியாவதற்குள் மழை, வெயில், மூடுபனி மூன்றையும் காட்டிவிட்டது. எல்ஸ்பா அவரிடம் திரும்பினாள்.

“நீயாவது சொல்லேன். ஒரு படி குறைச்சா போயிடலாம்தானே?”

“குறைச்சுப் பாக்கறது உங்க கரைக்காரங்க அக்கா.” யாக்குப் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். “நாங்க இந்த வீட்டுத் துணிக்கொடியைத்தான் பாப்போம். அது காலியா கெடக்கு.”

எல்ஸ்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரிட்டாவுக்கு முகம் சூடேறியது.

தினமும் முதல் காப்பியை ஊற்றிக்கொண்டே அவள் கேட்பாள், துணி போடலாமா என்று. அவளிடம் மட்டும் அவர் கூட்டிச் சொன்னதில்லை. ஊரை ஏமாற்றலாம், துவைத்தவளை ஏமாற்ற முடியாது என்பார். அவர் போடு என்றால் போடுவாள். கொடியில் துணி ஆடினால் துறையில் படகுகள் கயிறு அவிழ்க்கும். இது ஊருக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் அவளுக்குச் சந்தேகம்.

கடைசி நாளன்று, ஒலிவாங்கியை எடுத்துப் போன பிறகு, வழக்கம் போலத்தான் கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை போடு,” என்றார். “மத்தியானத்துக்குள்ள எடுத்துடு.”

அதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டியின் ஓரத்தைத் தன் சால்வை நுனியால் ஒரு முறை துடைத்தாள். பிறகு பின்னறைக்குப் போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் படுத்திருந்த விரிப்பும் தலையணை உறைகளும் ஈரமாக அதில் கிடந்தன.

“சாவு வீட்ல துணி காயப்போடறியா? ஊர் சிரிக்கும்டி,” என்றாள் எல்ஸ்பா.

பிரிட்டா கூடையோடு புல்வெளியில் இறங்கினாள். விரிப்பை உதறிப் போட்டுக் கவ்விகளை மாட்டினாள். அவருடைய நீளமான கம்பளி உள்ளாடைகளை எப்போதும் போல உள்பக்கமாகப் போட்டாள், அவருக்கு வெட்கம். விரிப்பு மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது.

உள்ளே யாக்குப் கோப்பையை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தார். கீழே துறையில் ஒரு இயந்திரம் இருமியது. அப்புறம் இன்னொன்று. ஊரே கூட வரக் கிளம்பியது.

கடல் தூங்குகிற ஆட்டுக்குட்டி போல இருந்தது. எல்ஸ்பா படகின் முன்பக்கம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். மத்தியானத்துக்குள் துணியை எடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சொல்லியாகிவிட்டது. சரிவில் அந்த வெள்ளை விரிப்பு சிறிதாகிக்கொண்டே போனது. பிரிட்டா பெட்டியின் மேல் கையை வைத்துக் குனிந்தாள்.

“நாளைக்குத் துணி போடலாமா?”